சிங்கப்பூர்த் துறைக்கு நான் எழுதிய விண்ணப்பம்

தம்பி,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, நீ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பேனாவில் மை ஊற்றினேன். நாளை கல்லறைத் திருநாள். பூசையில் வாசிக்கும் இறந்தோர் பெயர்களை வருடந்தோறும் கோவிலுக்கு எழுதிக் கொடுப்பது நான்தானே.

சண்டைக்கு முன் விடுமுறையில் வந்தபோது, நீ வேலை பார்த்த, கப்பல் பழுதுபார்க்கும் அந்தக் கடற்படைத் துறையைப் பற்றியே பேசினாய். "சதுப்புக் காட்டை வெட்டி வருசக்கணக்கா கட்டுனது அக்கா. மிதக்குற துறை ஒண்ணை இங்கிலாந்துலேர்ந்து கடல்லயே இழுத்துட்டு வந்துட்டான்."

"இங்க கொள்ளிடத்தைத் தாண்ட ஓட்டைப் பரிசல்தான். அதைச் சொல்லு ஒன் தொரைகிட்ட" என்றேன்.

"பீரங்கியெல்லாம் கடலைப் பாத்து நிக்குது. எவன் வருவான்?" என்று சிரித்தாய். ஜப்பான்காரன் பின்பக்கமாக, தரைவழியே வந்தான்.

அங்கே உனக்குக் கிடைத்த குமாஸ்தா வேலைக்கான ஆங்கில விண்ணப்பம் நான் என் கையால் எழுதியது. நீயே எழுதியதாக உன் மனைவி செசிலியிடம் பெருமையடித்துக்கொண்டாய். நீ போவதே அவளுக்குப் பிடிக்கவில்லை. எழுதியது நான் என்று நானும் அவளிடம் சொல்லவில்லை.

போன மாதம் வரதராசன்பேட்டைக்காரர் ஒருவர் திரும்பி வந்தார். அதே துறையில் பெயிண்ட் அடித்தவர். "ஜப்பான்காரனும் அங்கதான் கப்பலை ரிப்பேர் பாத்தான், டீச்சரம்மா. இப்ப வெள்ளைக்காரன் வந்து, சரணடைஞ்ச ஜப்பான்காரனை வச்சு அதே எடத்தைக் கழுவுறான். வேலைச் சங்கு பழைய நேரத்துக்கே ஊதுது. திரும்ப ஆளெடுக்குறாங்களாம், யாருக்காவது விண்ணப்பம் எழுதிக் குடுங்க."

உன்னைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். சித்திரையில் ஆங்கிலத்தில் ஓர் அரசாங்கக் கடிதம் வந்தது. ஜப்பானியர் உன்னைத் துறையிலிருந்து சயாம் ரயில் பாதை வேலைக்கு ஏற்றிப்போனார்களாம். அங்கே முகாமில் காலராவில் இறந்துபோனாயாம்.

அதை நான் படித்தபோது செசிலி ஈரக் கையோடு வந்து நின்றாள். "என்ன எழுதியிருக்கு அண்ணி?"

"இன்னும் தேடிக்கிட்டு இருக்காங்களாம்."

"அப்ப இருக்காருன்னுதானே அர்த்தம்?"

ஆமென்று தலையாட்டினேன்.

அன்றிலிருந்து நீ சுகமாய்த் திரும்பி வர மாதம் ஒரு பூசை ஒப்புக்கொடுக்கிறாள். உன் ஆன்மாவுக்காக இன்னும் யாரும் ஒரு வார்த்தைகூட மன்றாடவில்லை. அவள் தாங்கமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம், 'அவரை அங்க அனுப்புனது யாரு?' என்று அவள் திருப்பிக் கேட்கப்போகும் ஒரே கேள்விக்கு.

பட்டியலில் பதினேழு பெயர்கள் எழுதிவிட்டேன். கடைசி வரி வெறுமையாக இருக்கிறது. செசிலி மாட்டைக் கட்டிவிட்டு வந்ததும், அந்தக் கடிதத்தைத் தமிழில் வரி விடாமல் அவளுக்குச் சொல்வேன். விண்ணப்பம் யார் எழுதியது என்பதையும் சொல்வேன். அதன் பிறகு, அவள் இந்தப் பேனாவைப் பிடுங்கி எறியாவிட்டால், அந்த வரியில் உன் பெயரை எழுதுவேன்.