இடுப்பளவு ஏரி

மார்ச் 3
இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள், அக்கா. பகலில் வாண்டு பேனாவைப் பிடுங்கிவிடுகிறாள். நாட்குறிப்பு என்றாலும் உன்னிடம் பேசுவதுபோலத்தான் எழுத வருகிறது.

வாசலைத் தாண்டினால் ஏரி. இவருக்குப் படகு வாடகைக்கு விடும் தொழில் நன்றாகத்தான் போகிறது. "இடுப்பளவு தண்ணி, இதுக்கா பயப்படுற?" என்கிறார். யாருடைய இடுப்பு? மூன்று வயதுக்காரிக்கு அது தலைக்கு மேலே இல்லையா?

அத்தான் இவருக்குப் பார்த்துவைத்திருக்கும் கிடங்கு வேலைக்கு மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக்கே வந்துவிடலாம் என்று இவரிடம் சொல்லிவிட்டேன். "உன் இஷ்டம்" என்றவர், துடுப்புகளுக்கு வர்ணம் அடிக்கப் போய்விட்டார்.

மார்ச் 5
லைஃப் ஜாக்கெட்டோடுதான் வாண்டு சாப்பிட்டாள். தினமும் தூண்டிலோடு வரும் கணக்கு வாத்தியார் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, தட்டுல முழுகிடுவாளா?" எனக்கே சிரிப்பு வந்தது. கழற்றவில்லை.

மார்ச் 8
வாசல் கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டாயிற்று.

மார்ச் 11
எப்படி எழுதுவது... வாண்டுவின் அடம் தாங்காமல் படகில் போனோம். மீன் ஒன்று துள்ளியது, வாண்டு எழுந்து நின்றாள். அவளைப் பிடிக்கப் பாய்ந்தேன். அவள் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டாள், நான் தண்ணீரில்.

"ஐயோ, காப்பாத்துங்க" என்று கத்தினேன்.

"எழுந்து நில்லு" என்றார் இவர்.

நின்றேன். இடுப்பு வரைதான்.

"இன்னிக்கு ஒரு மீனும் சிக்காதும்மா" என்றார் கரையிலிருந்து வாத்தியார். வாண்டு கைதட்டி, "அம்மா, இன்னொரு தடவ விழு" என்கிறாள்.

திரும்ப ஏறத் தெரியவில்லை. படகைப் பிடித்தபடி கரை வரை நடந்தேன். முதலில் சேறு, அப்புறம் மணல். கரையோரம் கணுக்கால் அளவே இவ்வளவு தூரம் இருக்கிறதா? இத்தனை நாள் கால் வைத்ததே இல்லையே.

மார்ச் 12
வாண்டுவை நிற்கவைத்து, அவள் முட்டிக்கு நேராகத் துடுப்பில் கோடு போட்டேன். தண்ணீரில் அதை ஊன்றி ஊன்றி நடந்தேன். கோடு நனைந்த இடங்களில் இவர் கம்பு நட, நான் கயிறு கட்டினேன்.

"வீடு பார்க்க வந்தப்பகூட நீ இவ்ளோ அளக்கலையே" என்றார்.

"அப்ப நீங்க அவசரப்படுத்தினீங்க."

மார்ச் 19
கயிற்றுக்குள் இன்று படகேற வந்தவர்களின் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். "எங்க பையனும் இறங்கலாமா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஜாக்கெட் போடுங்க, நீங்களும் கூடவே இறங்குங்க" என்றேன். பயம் போய்விடவில்லை, நானும் நாள் முழுக்கத் தண்ணீரில்தான் நின்றேன். நன்றாக இருந்தது.

இந்தப் பக்கங்களைப் படமெடுத்து உனக்கு அனுப்புகிறேன். கிடங்குக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லி அத்தானிடம் பக்குவமாகச் சொல். எங்களுக்காகக் காலி செய்த அறையில் உன் தையல் மெஷினை மறுபடி போட்டுக்கொள். கோபப்படாதே. இவரிடம் இன்னும் சொல்லவில்லை. உன் சம்மதம் தெரிந்தபிறகு சொல்லலாம் என்றிருக்கிறேன். சீக்கிரம் பதில் போடு, அக்கா.