வேன் கூரையும் சாளை எண்ணெயும்

செப். 24, புதன்

வெயில். காலையிலேயே காற்று தூசியைக் கிளப்புகிறது. கொடியில் போட்ட துணி எல்லாம் மறுபடி துவைக்க வேண்டும்.

இன்றைய வேலை: வேன் கூரை கழுவுதல். ஐப்பசி மழைக்கு முன் வருஷா வருஷம் செய்வது. இவர் கப்பலில் இருந்த வருஷங்களில் நானே செய்தேன். ரிட்டையர் ஆகி வந்ததும் போன வருஷம் இவருக்கு முழங்கால், எனக்கு மகளின் பிரசவம். யாரும் மேலே ஏறவில்லை.

வேண்டியவை: ஏணி (பக்கத்து வீட்டில்). மெத்தென்ற பிரஷ். ரெண்டு வாளி. பாத்திர சோப்பு, கொஞ்சமாக. இவருக்குத் தொப்பி. பி.பி. மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க.

இவர் மேலே, நான் கீழே ஏணியைப் பிடித்தபடி. மெதுவா மெதுவா என்றேன். "முப்பது வருசம் இஞ்சின் ரூம் ஏணி ஏறுனவன்ளா நான்."  கொஞ்ச நேரத்தில் பிரஷ் சத்தம் நின்றது.

என்ன என்று கேட்டேன். "ஷீட்டு ஊதிக் கெடக்கு."

ஏறிப் பார்த்தேன். கூரைமேல் ஒட்டின ரப்பர் ஷீட்டின் நடுவில் முழுக்க அலை அலையாக, தோசை போல் கொப்புளம். இவர் கட்டைவிரலால் அமுக்கினார், பள்ளம் அப்படியே நின்றது. கொஞ்சம் பிசுபிசுப்பும். வேனுக்குள் கட்டிலுக்கு மேல் சீலிங்கில் தட்டு அகலத்துக்கு மஞ்சள் கறை. அது எப்போது வந்தது?

மத்தியானம் ஊளி மீன் குழம்பு. இவர் சரியாகச் சாப்பிடவில்லை.

செப். 25, வியாழன்

கரண்ட் இல்லை, 10 முதல் 2 வரை.

இவர் கூரையைப் போட்டோ எடுத்து, ஷீட் வாங்கின கோவைக் கடைக்கு அனுப்பினார். பதில் இல்லை.

கூரையில் இருக்கிற காற்று ஜன்னலைச் சுற்றிப் பழைய பசை வெடித்திருக்கிறது. அது வெயிலுக்கு எப்படியும் வெடிக்கும், ரெண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சுரண்டிவிட்டுப் புதுசு போட வேண்டியதுதான். சீலிங் கறை அந்த வழியாகத்தான் என்றார். சரி, அதையாவது இன்று முடிப்போம் என்று பசைக் குழாயை அதைப் பிதுக்குகிற துப்பாக்கியில் மாட்டிக்கொண்டு ஏறினார்.

கை நடுங்கியது. ஒரு வருஷமாகவே லேசாக இருக்கிறது, டாக்டர் வயசுக்கு வருகிற நடுக்கம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். டீ டம்ளர் பிடிக்கும்போது தெரியும். துப்பாக்கி பிடித்தால் இன்னும் தெரிகிறது. பசை சேவு பிழிந்த மாதிரி நெளிந்து போனது. முக்கால் சுற்று போட்டவர் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டார்.

இறங்கி வந்து வேன் படியில் உட்கார்ந்தார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

"ஷீட்டு ஒட்டும்போதே கை சரியில்ல போல. பசைய ஒண்ணுபோலத் தேய்க்காம விட்டுருக்கேன். ஆறு வருசத்துக்கு முன்னாலேயே ஆரம்பிச்சிருக்கு. எனக்குத்தான் தெரியல."

அப்புறம், "அப்ப கடசி அஞ்சாறு வருசம் கப்பல்ல நான் பாத்த வேலயெல்லாம்?"

சுரண்டிப் போட்ட பசையை முறத்தில் அள்ளினேன். 

சாயங்காலம் திருச்செந்தூர் லாட்ஜ் அண்ணாச்சிக்குப் போன் போட்டார். வேனை விலைக்குக் கொடுக்கிறீர்களா என்று ரெண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறவர். "வந்து பாருங்க அண்ணாச்சி" என்று இவர் சொல்வது என் காதில் விழுந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டிசம்பரில் கோவா போவதாக இருந்தோம். இவருடைய பெயர்கொண்ட புனிதர் சவேரியார் திருநாளுக்கு. வேனிலேயே, கரையோரமாகவே, அவசரப்படாமல். முப்பது வருஷம் இவர் உலகம் பூரா பார்த்தார், நான் துறைமுக கேட் வரை பார்த்தேன். அதற்காகத்தான் இந்த வேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக் களைத்துப்போன டெம்போ. லீவில் வந்த மூன்று மாதத்தில் கட்டில், அடுப்பு, சிங்க் எல்லாம் இவர் கையாலேயே. உப்புக் காற்றில் கூரைத் தகரம் அரித்திருந்ததால் அதை வெட்டி எறிந்துவிட்டு பிளைவுட், அதன்மேல் கறுப்பு ரப்பர் ஷீட்.

செப். 26, வெள்ளி

இதை எங்கேயாவது எழுதத்தான் வேண்டும்.

காலையில் இவர் மீன் வாங்கப் போயிருந்தார், போனை மேஜையில் வைத்துவிட்டு. கோவைக்காரர் கூப்பிட்டார். எடுத்தேன்.

"போட்டோ பாத்தனுங்க மேடம். ஒட்டுனதுல தப்புன்னா ஓரத்துல இருந்துதானுங்க கிளம்பும். இது ரப்பரே ஊதியிருக்குதுங்க. மேல எண்ணெய், டீசல், கிரீஸ் ஏதாச்சும் பட்டுச்சுங்களா? இந்த ரப்பருக்கு எண்ணெய் ஆகவே ஆகாதுங்க."

"இல்லையே" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

இல்லையாம்.

நாலு வருஷம். வருஷம் ஒருமுறை, கழுவிக் காயவைத்த பிறகு, கூரைமேல் ரெண்டு லிட்டர் சாளை மீன் எண்ணெய். பிறந்த ஊர் பெரியதாழையில் அப்பா வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துப்போட்டுத் தடவுவார். மரம் எண்ணெய் குடித்தால் தண்ணீர் குடிக்காது என்பார். நாற்றம் தெரியாமல் இருக்க நான் அதில் மண்ணெண்ணெய் வேறு கலந்தேன், என் சொந்த மூளை. பழைய சேலைத் துண்டால் நடுவிலிருந்து ஓரம் வரை, அழுத்தி அழுத்தி. இவர் எந்தக் கடலில் இருக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டே தேய்ப்பேன். இவருக்கே ஏதோ செய்கிற மாதிரி இருக்கும். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இவரிடம் சொன்னதில்லை. சொன்னால் கேலி செய்வார். லீவில் வந்து மேலே ஏறிப் பார்ப்பார், "பாத்தியா, நான் போட்ட ஷீட்டு எப்படி மினுங்குது" என்பார். நானும் சிரித்துக்கொண்டே போவேன். மினுக்கம் வந்தபோது பெருமை அவருக்கு, ஊதிப்போனபோது பழியும் அவருக்கு. ரெண்டுமே என் எண்ணெய்.

இவர் வந்ததும் கோவையிலிருந்து போன் வந்தது என்றேன். என்ன சொன்னான்? மறுபடி கூப்பிடுகிறாராம் என்றேன். பொய் நம்பர் ரெண்டு.

செப். 27, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது.

கோவைக்காரர் தப்பாகவும் சொல்லலாமே? ஷெட்டில் மிச்ச ரப்பர் ஷீட் சுருட்டி வைத்திருக்கிறது. ஒரே அளவில் ரெண்டு துண்டு வெட்டினேன். பேப்பரில் வைத்து பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டேன். ஒன்று எண்ணெயும் மண்ணெண்ணெயும் ஊற்றிய ஊறுகாய் பாட்டிலில், மாடியில், வெயிலில். இன்னொன்று சும்மா. பி.எஸ்ஸி. படித்தது இதற்காவது உதவட்டும்.

சாயங்காலம் சர்ச்சில் பாவசங்கீர்த்தனம். புதுச் சாமியார், சின்ன வயசு. புருஷனிடம் பொய் சொன்னேன் சாமி என்றேன். என்ன பொய்? எண்ணெய் விஷயமாக. சமையல் எண்ணெயா என்றார். விளக்கினேன்.  வள்ளத்துக்குத் தடவுற எண்ணெயத் தடவுனது பாவமில்லம்மா, நீங்க அவர்கிட்டதான் பேசணும் என்றார். பரிகாரமாக மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம்.

மூன்றும் சொல்லிவிட்டேன். பாரம் அப்படியே இருக்கிறது.

செப். 28, ஞாயிறு

லாட்ஜ் அண்ணாச்சி வந்தார். வெள்ளை வேட்டி, கையில் முந்திரி மக்ரூன் பொட்டலம். நம் ஊர் மக்ரூனை நமக்கே.

உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். இவர் கூரை ஒழுகுகிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டார், "வேலை என்னோடதுதான் அண்ணாச்சி, சரியா அமையல."

"அதுக்கென்ன, மேல தகரத்தப் போட்டுக்கிடுதேன். சக்கரத்தக் கழத்திட்டு நாலு பக்கமும் செங்கல் கட்டி ஒக்கார வச்சிருவேன். சஷ்டிக்கு ரூம் கெடைக்காம சனம் தெருவுல படுத்துக் கெடக்கு. ஒரு குடும்பம் தாராளமாப் படுக்கும்."

சக்கரத்தைக் கழற்றுவாராம்.

இவர் தலையாட்டினார். அடுத்த ஞாயிறு எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அண்ணாச்சி போனதும் வேன் கர்ட்டனையெல்லாம் கழற்றி மடித்து வைத்தார். நான் தைத்தவை. மடிக்கக் கை ஒத்துழைக்கவில்லை, மூலை மூலைக்குச் சேரவில்லை. நான் வாங்கி மடித்தேன். 

வேன் போனால் போகட்டும். ஆனால் இந்த மனுஷர் தன் கையை நம்பாமல் மீதி ஆயுசையும் சோபாவில் உட்கார்ந்து கழிப்பார். பல்புகூட மாட்ட மாட்டார். இப்போதே நேற்று கதவுத் தாழ்ப்பாள் லூசாக இருக்கிறது என்றதற்கு, ஆளைக் கூப்பிடு என்றார்.

செப். 30, செவ்வாய்

தலைவலி. புழுக்கம். மகள் போன், குழந்தைக்குப் பல் வந்துவிட்டதாம்.

மாடிக்குப் போய்ப் பாட்டிலைத் திறந்தேன். கரண்டியால் எடுத்துத் துடைத்துப் பேப்பரில் வைத்தேன். நாலு பக்கமும் பென்சில் கோட்டைத் தாண்டி நின்றது. ஒரு ஓரம் சுருண்டிருந்தது. அமுக்கினால் பள்ளம். சும்மா வைத்த துண்டு கோட்டுக்குள் அப்படியே.

இனி எனக்குச் சாக்கு இல்லை. ரெண்டு தடவை சொல்லப் போனேன். ஒரு தடவை இவர் தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை விழித்திருந்தார், நான்தான் திரும்பி வந்தேன்.

எனக்கு என்ன பயம் என்று யோசித்தேன். திட்டுவார் என்றா? இல்லை. நல்லதென்று நினைத்து நாலு வருஷம் செய்த ஒன்று வெறும் முட்டாள்தனம் என்று இவர் வாயால் கேட்க வேண்டும், அதுதான்.

அக். 1, புதன்

சொல்லிவிட்டேன்.

நாலு மணி டீ. ரெண்டு துண்டையும் எவர்சில்வர் தட்டில் வைத்துப் பேப்பரோடு முன்னால் வைத்தேன். "என்னளா இது?" என்றார்.

"ஒண்ணு எண்ணெயில கெடந்தது. ஒண்ணு கெடக்காதது. கூரை ஊதுனது உங்க கையால இல்லங்க. நான்தான் எண்ணெய் தடவுனேன்."

எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன எண்ணெய்? சொன்னேன். எத்தனை தடவை? சொன்னேன். கோவைக்காரர் கேட்டதையும், நான் இல்லை என்று சொன்னதையும் சேர்த்தே சொன்னேன், பாதியில் நிறுத்தினால் மறுபடி வராது.

"அஞ்சு நாளா தெரியுமா?"

"தெரியும்."

"அண்ணாச்சி வந்து சக்கரத்தக் கழத்துதேன்னு சொல்லும்போதும் தெரியும்."

"தெரியும்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போனார். செருப்புகூடப் போடவில்லை. ராத்திரி தோசையைத் தானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டார். ஒரு சத்தம் போட்டிருந்தால் தேவலை.

அக். 2, வியாழன்

பேச்சு இல்லை. நான் டீ வைத்தால் குடிக்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் காலையிலேயே மேலே ஏறிவிட்டார், என்னை ஏணி பிடிக்கக் கூப்பிடாமல். நான் அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்தேன். கத்தியால் ஷீட்டைக் கீறி எடுக்கிறார். ஊதின பாகம் பாய் மாதிரி சுருண்டு வந்தது. பிளைவுட்டைச் சுத்தியால் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். காற்று ஜன்னல் பக்கம் ஒரு சாண் மட்டும் ஊறிப்போயிருக்கிறது போல, அதில் சாக்பீஸால் கட்டம் போட்டார்.

அப்புறம் ஓரத்துக்குப் போனார். சுற்றிலும் அலுமினியப் பட்டை அடித்திருக்கிறது, அதன் அடியில் என் எண்ணெய்த் துணி போயிருக்காது. திருகாணி ஒவ்வொன்றாகக் கழற்றினார். நடுக்கத்தில் ஸ்குரூ டிரைவர் வழுக்குகிறது, மறுபடி வைக்கிறார், மறுபடி வழுக்குகிறது. ஒரு பக்கம் முடிக்க ஒரு மணி நேரம். பட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே குந்தியிருந்தார். பிளையரால் ஷீட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தார். அப்போதும் வரவில்லை.

இறங்கி வந்து, மழை வந்தால் மூடுவதற்குத் தார்ப்பாய் எங்கே என்றார். ஷெட்டில் என்றேன். இரண்டு நாளில் அதுதான் பேச்சு.

அக். 3, வெள்ளி

மூட்டம். தூறல் போட்டு நின்றுவிட்டது. தார்ப்பாய் தாங்கியது.

காலையில் கோவைக்குப் பேசினார். புது ஷீட், ஒட்டுப் பசை, ஜன்னல் சுற்றப் பசை ரெண்டு குழாய், மேலே பூச வெள்ளைப் பெயிண்ட். எல்லாம் எழுதி வைத்து வாசித்தார். வேன் போகவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கோவைக்காரரிடம் என் எண்ணெய்க் கதை முழுதும், மண்ணெண்ணெய் உட்பட. பிறகு மகளுக்குப் போன், அவளிடமும். அவள் சிரிக்கிற சத்தம் ஹாலிலிருந்து கேட்டது. என் முகத்தை மட்டும் இன்னும் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்கு லாட்ஜ் அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை லாரி எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று. நான் அடுப்படியில் இருந்தேன். இவர் ஸ்பீக்கரில் போட்டு, வேண்டுமென்றே சத்தமாக:

"இல்ல அண்ணாச்சி, மன்னிச்சுக்கிடுங்க. வண்டி குடுக்கதா இல்ல. கூரையா? கூரைல என் வேல மேல ஒரு குத்தமும் இல்ல. எம் பொண்டாட்டி நாலு வருசமா சாளை எண்ணெயும் மண்ணெண்ணெயுமா ஊத்தித் தேச்சிருக்கா. அப்படியும் ஓரத்துல ஒரு எடத்துல ஒட்டு விடல, நேத்து காலக் குடுத்து இழுத்துப் பாத்துட்டேன். அவ தேச்ச தேய்ப்புக்கு வேற எவன் ஒட்டுனாலும் மொத வருசமே பறந்துருக்கும், தெரியுமா?"

தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வெங்காயம் நறுக்கியிருந்தாலாவது கண்ணுக்குச் சாக்குச் சொல்லியிருக்கலாம்.