உவர் மூலையில் நின்ற நெல்

இன்று காலை ஆய்வுகூடத்தில் நெல் இலையை உரலில் நசுக்கியபோது எழுந்த பச்சை வாசத்தில் நீ வந்து நின்றாய். இலை செட்டிபாளையத்திலிருந்து வந்தது. உங்கள் வயலின் உவர் மூலையிலிருந்து.

சுனாமித் தண்ணீர் ஏறி வயல் முழுக்கக் கருகிய பிறகு, அந்த மூலையில் மட்டும் நாலைந்து தூர் பச்சையாய் நின்றன. என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாய். "இது நம்மட வழக்கமான நெல்லே இல்லகா. இது வேற ஆள்!" டி.என்.ஏயில் சில இடங்களில் ஒரே சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும், எத்தனை தரம் என்பது இனத்துக்கு இனம் மாறும், அதைப் பார்த்தால் ஆளைப் பிடித்துவிடலாம் என்றாய். உன் அம்மாவுக்கும் விளக்கினாய். "பறையடிக்கிற மாதிரித்தானம்மா. அடி ஒண்டுதான். எத்தின தரம் அடிக்கிறான் எண்டதுல ஊர் தெரியும்."

"போடி, நெல்லுக்கு ஏது பறை?" என்று அவ சிரித்தா.

அறுவடைக்குப் பிறகு, நீ கேட்டபடி, அம்மா நாம் படித்த பல்கலைக்கழகத்துக்கு விதை அனுப்பினா. சோதனை முடிவு வந்தபோது, அது எல்லோரும் விதைக்கும் சாதாரண இனம். அச்சொட்டாக அதே. "சுனாமி நெல்லு சுகமா?" என்று உன்னைக் கேலி செய்யாத ஆளில்லை. "எங்கயோ பிழைச்சிரிக்கு, கண்டுபிடிப்பன்" என்றபடியே திரிந்தாய். போர் முடிந்த வருடம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. எனக்கு இன்னும் ஆத்திரம்தான். இப்படியா பாதியில் விட்டுப் போவாய்?

போன கிழமை உன் ஆண்டுத் திவசம். அம்மா என்னை வயலுக்குக் கூட்டிப்போனா. நீ ஆசைப்பட்டதென்று அந்த நெல்லை வருடாவருடம் அதே மூலையில் விதைக்கிறா.

"இதத்தானே அம்மா அப்ப அனுப்பினீங்க?"

"ஐயோ, இல்ல மகள். இது சொத்தி நெல்லு, மணியெல்லாம் கோணல். கம்பசுக்குப் போற சாமான், இதையா அனுப்புற? விதைநெல்லுல நல்ல முத்தாப் பொறுக்கியெல்லோ அனுப்பினன்."

கலியாண வீட்டுக்குப் பலகாரம் அனுப்புவதுபோல அனுப்பியிருக்கிறா! அந்த மூலையிலேயே நாலு இலை பறித்துக்கொண்டேன்.

இன்று பொழுது சாயும்போது அந்த இலையின் டி.என்.ஏ படம் கிடைத்தது. உன் நெல்லின் கோடுகள் அந்தச் சாதாரண இனத்தோடு ஒத்துப்போகவில்லை. எங்களிடம் உள்ள வேறெந்த இனத்தோடும் இல்லை. அப்படியானால் இது யார், எங்கிருந்து வந்தது? பழுகாமம், உன்னிச்சைப் பக்கமெல்லாம் பழைய நெல் தேடிப் போகப்போகிறேன். போரில் அடைபட்டிருந்த பாதைதான் இப்போது திறந்திருக்கிறதே.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"அப்ப என்ட புள்ள சொன்னது சரியா?"

"ஓம் அம்மா. சரிதான்."

கொஞ்ச நேரம் அழுதா. பிறகு கேட்டா: "அப்ப முதல்ல ஏன் மகள் பிழைச்சது?"

"அண்டைக்கு மெசின் பழுதம்மா" என்றேன். அந்தப் பொய் என்னோடே இருக்கட்டும். நீ இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாய்.