மூடிக்குள் வைத்த சுவிச்

நேற்று உம்முடைய மனுசன் வந்திருந்தார். உம்முடைய அந்தியேட்டி, முப்பத்தொராம் நாள் காரியம், முடிந்த கையோடு வீட்டை ஒதுக்கத் தொடங்கிவிட்டாராம். ஒரு மட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து என் சமையலறை மேசையில் வைத்தார். "தங்கச்சி, இது உங்கள் ரெண்டு பேற்றையும் விளையாட்டுச் சாமான். எறிய மனம் வரேல்லை," என்றார். தேத்தண்ணி குடிக்கவும் நிற்கவில்லை.

அவர் போனபிறகுதான் திறந்தேன். மூடியைத் தூக்கியதும் அந்த மணம் முகத்தில் அடித்தது. ஈயம் உருகும்போது எழும்புமே, குங்கிலியப் புகை மாதிரி ஒரு மணம், அதேதான். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் போகவில்லை. உள்ளே, அவர் கடைகளுக்குப் பாண் ரொட்டி ஏற்றிய வான் வண்டியில் இருந்த அந்தப் பழைய சீபி றேடியோ. அதன் முகத்தில் நீர் உம்முடைய நகப்பூச்சால் சிவப்படித்த சுவிச். அதைக் கண்டதும் எடுத்த மூடியைத் திரும்ப வைத்துவிட்டேன். அழுகையென்று நினைக்காதையும். முதலில் வந்தது பழைய பயம்தான்.

இங்கே மார்க்கம் நகரப் பக்கத்துத் தொழிற்சாலையில் நாங்கள் இரண்டு பேரும் அடுத்தடுத்த கதிரை. கிழமை முழுக்க யாரோ ஒருவருடைய இயந்திரத்துக்குத் மின்சுற்றுத் தகடு தகடாக ஈயம் உருக்கிக் கம்பி ஒட்டுவோம். சனிக்கிழமையும் அதையே செய்ய ஆசைப்பட்ட பைத்தியங்கள் கனடாவிலேயே நாங்கள் மட்டும்தான். மற்றப் பெண்டுகள் சீலைக் கடைக்குப் போக, நீர் என்னை அஜின்கோர்ட், யூனியன்வில் என்று, வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் கராஜ் சேல் கராஜ் சேலாக இழுத்துக்கொண்டு திரிந்தீர். ட்ரக் சாரதிகள் ஆளோடு ஆள் கதைக்க வைத்திருக்கும் சீபி றேடியோவை ஒரு காலத்தில் வெள்ளைக்காரர் வீடு வீடாக வாங்கியிருந்தார்கள். தொண்ணூறுகளில் அவை பழைய சப்பாத்துகளோடு பெட்டிக்குள் கிடந்தன. நீர் ஒன்றை எடுத்துக் காதோடு வைத்துக் குலுக்கிப் பார்ப்பீர். உள்ளே ஏதும் கிலுகிலுத்தால் உமக்குப் பெரிய சந்தோஷம். "சத்தம் போடுறதைத் திருத்தலாமப்பா. சத்தமில்லாமல் கிடக்கிறதுதான் பயம்," என்பீர். விலை பேசும் விதம் இருக்கே, விற்கிற கிழவன் கடைசியில் சும்மாவே தந்து அனுப்பிவிடுவான்.

சத்தமில்லாமல் கிடப்பதில் உமக்கு ஏன் அவ்வளவு பயம் என்று எனக்குத் தெரியும். உம்முடைய அண்ணை ஒரு காலை யாழ்ப்பாணத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போனவர். பிறகு அவரைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. அதனால்தான் உம்முடைய மனுசனுக்கு ஒஷாவாவுக்குப் பாண் கொண்டுபோகும் வேலை கிடைத்ததும் நீர் நித்திரையைத் தொலைத்தீர். கைத்தொலைபேசி எங்களுக்குக் கனவிலும் எட்டாத காலம். வானுக்கு ஒரு றேடியோ, உம்முடைய பன்னிரண்டாம் மாடி வீட்டுக்கு ஒன்று. பல்கனியில் உடுப்புக் காயப்போடும் கம்பியோடு கம்பியாக ஏரியலையும் கட்டினோம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த புத்தி விடவில்லை. வோக்கி டோக்கியோடு பிடிபட்டவன் வீடு திரும்பாத ஊர் அது. எல்லாரும் கேட்கும் திறந்த சனலில் தமிழில் கதைத்தால் யார் கேட்பான், என்ன நினைப்பான்? சட்டப்படி நாற்பது சனல்கள். உள்ளே ஒரு சின்னச் சுவிச்சை வைத்து இரண்டு கம்பியை மாற்றி ஒட்டினால், அதற்கும் மேலே ஒருவரும் இல்லாத இடத்துக்குப் போய்விடலாம். ஒட்டினோம். வீட்டுப் பெட்டியில் சுவிச் வெளியே இருந்தது. வானுக்கான பெட்டியில் மட்டும் அது வெளியே தெரிய வேண்டாமென்று உம்முடைய மனுசன் காலில் விழாத குறை. அவருடைய அகதி வழக்கு விசாரணைக்கு நின்ற நேரம். "பொலிஸ் மறிச்சால் சாதாரணப் பெட்டி மாதிரித்தான் கிடக்கோணும்," என்றார். எங்களுக்கும் அது ஞாயமாகவே பட்டது. சுவிச்சை எங்கள் பக்கம், அந்த ஒளித்த சனலுக்கு, தட்டி, மூடிக்குள்ளேயே விட்டு, திருகாணியை இறுக்கிப் பூட்டினோம். அதற்குப் பிறகு அந்த வானிலிருந்து அவர் கதைத்தால் இந்த உலகத்தில் கேட்கக்கூடியது உம்முடைய வீட்டில் மட்டும்தான். அதை நாங்கள் பெருமையாகவும் சொல்லிக்கொண்டோம்.

அந்தப் பனிநாள் மத்தியானம் தொழிற்சாலையை வேளைக்கே மூடிவிட்டார்கள். உம்முடைய வீட்டில் நீர் றேடியோவடியில் இருக்க, நான் மரக்கறி வெட்டிக்கொண்டு நின்றேன். யன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடமே தெரியவில்லை. றேடியோ கரகரத்தது. உம்முடைய மனுசன்.

"இஞ்சேரும்... வான் சறுக்கிப் பள்ளத்துக்கை போட்டுது. கை எழும்புதில்லை. கதவும் திறக்கேலாமல் கிடக்கு."

பெருந்தெரு அடைபட்டதால் ஏரிப்பக்கத்து றோட்டால் வந்தாராம். எந்த றோட்டு, எந்த இடம், ஒன்றும் தெரியாது. கண்ணாடி முழுக்கப் பனி. உயரத்தில் ஒரு சிவப்பு லைற் அணைந்து அணைந்து எரிகிறதாம். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ரயில் போகும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் அவசர உதவிக்குப் போன் எடுத்தேன். மறுமுனையில் இருந்த பிள்ளை தன்மையாகத்தான் கேட்டது, எந்தத் தெரு, கிட்ட என்ன சந்தி என்று. எனக்குத் தெரிந்தால்தானே? எல்லா வண்டியும் றோட்டில்தான் நிற்கிறது, இடம் தெரிந்ததும் உடனே எடுங்கள் என்றது.

அவருடைய குரல் இழுபடத் தொடங்கிவிட்டது. குளிருக்குள் நித்திரை வந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"ட்ரக்காரற்றை சனலுக்குப் போவம். அவைக்கு றோட்டெல்லாம் தெரியும்," என்றேன்.

நீர் அசையவில்லை. சுவிச்சைத் தட்டினால் அவருடைய குரல் அறுந்துவிடும். திரும்பி வரும்போது அது இருக்குமோ?  அந்தப் பயம் உம்முடைய முகத்தில் இருந்தது. நான் கையை நீட்டினேன். பளீரென்று ஒரு அடி.

"தொடாதையும்! அவர் கதைச்சுக்கொண்டு இருக்கிறார்!"

"இப்பிடியே கேட்டுக்கொண்டிருந்தால் அவர் சாகிறதைத்தான் கேப்பீர்!" என்று கத்தினேன். அப்படி ஒரு சொல்லை வேறு யாருக்கும் நான் சொன்னதில்லை. அப்போதும் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

நீர் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தீர். "இஞ்சேருங்கோ. நான் கொஞ்ச நேரம் கேக்க மாட்டன். ஆக்களைக் கூப்பிடப் போறன். நான் கேக்காட்டிலும் நீங்கள் கதைச்சுக்கொண்டே இருங்கோ. என்ன? விடாமல் கதையுங்கோ."

"என்னத்தையப்பா கதைக்கிறது?"

"பாண் கணக்கையாவது சொல்லுங்கோ!"

சுவிச்சைத் தட்டினீர். அவர் போய்விட்டார். அந்த இடத்தில் முன்பின் தெரியாத ட்ரக் சாரதிகளின் சிரிப்பும் ஏச்சும் நிறைந்தது. தொழிற்சாலை இங்கிலீசைத் தவிர வேறு இங்கிலீஸ் தெரியாத நீர், அதற்கு நடுவில் புகுந்து, "ப்ளீஸ்! பிறெட் வான்! மை ஹஸ்பண்ட்!" என்று அலறினீர். சனல் ஒரேயடியாக அடங்கியது. சிவப்பு லைற்றை நீர் சொன்னீர், ரயிலை நான் சொன்னேன். ஒரு கரகரத்த குரல், றோட்டும் தண்டவாளமும் சிவப்பு லைற் எரியும் கோபுரமும் கிட்டக்கிட்ட வரும் இடம் ஒன்றுதான் இருக்கிறது, தான் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன் என்றது. இடத்தின் பெயரை வாங்கி நான் திரும்பப் போன் எடுத்தேன்.

நீர் சுவிச்சை எங்கள் பக்கம் தட்டினீர். இரைச்சல் மட்டும்தான். கூப்பிட்டீர். இரைச்சல். பெயர் சொல்லிக் கூப்பிட்டீர். கட்டிய நாளிலிருந்து அவருடைய பெயரை நீர் சொல்லி நான் கேட்டதில்லை. நிலத்தில் இருந்துவிட்டீர். நானும் பக்கத்தில் இருந்து உம்முடைய தோளைப் பிடித்துக்கொண்டேன். அடுப்பில் சட்டி அடிப்பிடித்து வீடெல்லாம் புகை. அதை நிறுத்தக்கூட எழும்பவில்லை. அவர் செத்துவிட்டார் என்றுதான் நான் நம்பினேன்.

பிறகு க்ளிக் என்று ஒரு சத்தம். எங்கள் சனலில், நாங்கள் ஒருவருக்கும் சொல்லாத அந்த இடத்தில், அந்தக் கரகரத்த குரல். ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றது. வானுக்குள் மைக் கைநழுவிக் காலடியில் கிடந்ததாம், அதை எடுத்துத்தான் கதைக்கிறாராம். "ஆனால் அம்மா, உன்ரை ஆள் வாயை மூடுறானில்லை. நான் வந்த நேரத்திலிருந்து ஏதோ எண்ணிக்கொண்டே இருக்கிறான். எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை."

நீர் அழுதீரா சிரித்தீரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கை முறிந்ததோடு தப்பிவிட்டார். பொலிஸ் வந்தது, வானை இழுத்தது. பெட்டியை ஒருவரும் திரும்பியும் பார்க்கவில்லை. விசாரணையிலும் அதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. கை சுகமாகி அவர் வேலைக்குத் திரும்பும் முன்பு நீர் அந்தப் பெட்டியைத் திறந்தீர். முகப்பில் துளைபோட்டு, சுவிச்சை வெளியே எடுத்துச் சிவப்படித்தீர். "பொலிஸ் கேட்டால் நான் சொல்லுறன் மறுமொழி," என்றீர். அவர் திருகாணியை எடுத்து நீட்டினார்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு, ஆஸ்பத்திரியில் உம்முடைய கடைசிக் கிழமை. நீர் கண்ணும் திறக்கவில்லை, கையைப் பிடித்தால் திருப்பிப் பிடிக்கவும் இல்லை. நான் கதவடியில் நின்றே அழுதுவிட்டு வந்துவிடுவேன். அவர் மட்டும் கட்டிலோடு கதிரையை இழுத்துப் போட்டு, பனி கொட்டுவதை, பக்கத்து வீட்டுக்காரன் வேலி போட்டதை, ஒஷாவாவில் ஒரு காலத்தில் எந்தக் கடைக்கு எத்தனை பாண் இறக்கினார் என்பதை, விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். தாதி ஒருத்தி பாவம் பார்த்து அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நேற்று வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே கேட்டார், "அவளுக்குக் கேட்டிருக்குமோ தங்கச்சி?"

"ஓம் அண்ணை," என்றேன். எனக்கு என்ன தெரியும்?

இன்று காலை அந்த றேடியோவுக்கு வயர் கொடுத்தேன். காதோடு வைத்துக் குலுக்கியும் பார்த்தேன், ஏதோ கிலுகிலுக்கிறது, உமக்குப் பிடிக்கும். சிவப்புச் சுவிச்சை எங்கள் பக்கம் தட்டினேன். மைக்கை அழுத்தி உம்முடைய மனுசன் மெலிந்துபோனதைச் சொன்னேன், அவருக்குச் சோறு கொண்டுபோவதாகச் சொன்னேன். எனக்கு ஒரு சொல் சொல்லாமல் போனதற்கு ஏசினேன். கையை எடுத்துவிட்டுக் காது கொடுத்தேன். இரைச்சல்தான்.

திரும்பவும் அழுத்தினேன்.