ஒன்பது முடிச்சில் நிற்கும் அவரைப் பந்தல்

முத்தாபுதுப்பேட்டை,
மார்கழி 20, ஞாயிறு

அன்பு மகள் ஷர்மிளாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் புனேயில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். எட்டு மாதமாக இந்த வரியை உனக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன், இன்றைக்கு உண்மையாகவே எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் இந்த வீட்டில் சமையலறையில் முணுமுணுத்தால் வாசலில் கேட்கும், உன் அப்பாவுக்குத் தெரியக் கூடாது. பள்ளிக்கூடத்துப் பெண் பாடப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகத்தை ஒளித்துப் படிப்பதைப் போல, அவர் படுத்த பிறகு இரண்டு நாளாகப் பயந்து பயந்து எழுதுகிறேன். அவர் இருமினால் தாளை ரேஷன் கார்டுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன்.

மே மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது பதினைந்து நாள் லீவு போட்டு வந்து பார்த்துவிட்டுப் போனாய். அதற்கப்புறம் நடந்ததை முழுதாக நான் உன்னிடம் சொல்லவில்லை. கால் சீக்கிரம் தேறிவிட்டது, வலது கை மட்டும் தேறவில்லை. அமுக்கிப் பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார். முப்பத்திரண்டு வருஷம் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த மனிதர், அந்தக் கையை மடியில் போட்டு மேலே துண்டை மூடிக்கொண்டு ஜன்னல் ஓரமே கதி என்று உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டை நான் பிசைந்து வைக்க வேண்டும், அவர் இடது கையில் ஸ்பூனால் எடுப்பார். இனி இப்படியே இருந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஆடியில் பக்கத்து வீட்டு அன்னம்மாள் ஒரு பிடி அவரை விதை கொடுத்தாள். மழை வந்தால் நம் வாசலில் தண்ணீர் நிற்குமே, அதனால் மதில் ஓரமாக ஓரடி இடம் விட்டு ஹாலோ பிளாக் இரண்டு வரிசை அடுக்கி, ஆறடிக்கு மூன்றடி மேடை மாதிரிக் கட்டி, உள்ளே செம்மண்ணும் எருவும் கொட்டி விதைத்தேன். கொடி வீச ஆரம்பித்ததும் சவுக்குக் கம்பு நான்கை அந்த மண்ணிலேயே நட்டேன். ஒரு அடி ஆழ மண்ணில் ஆறடிக் கம்பு எப்படி நிற்கும்? ஒரே காற்றில் கொடியோடு சாய்ந்தது. அன்னம்மாள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, இன்னா சுலோக்கா, பந்தலு போட்டியா இல்ல பல்லு குத்தற குச்சி நட்டு வெச்சியா என்று கேட்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திரும்ப நட்டு, காலையில் கொடி நுனிகளை ஒவ்வொன்றாகக் கம்பில் சுற்றிவிட்டேன். கோயிலை வலம் வருகிற மாதிரி, நல்லது என்று நினைத்துத்தான் அந்தப் பக்கமாகச் சுற்றினேன். சாயங்காலம் பார்த்தால் எல்லாம் கழன்று தொங்கும். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஜன்னலிலிருந்து ஒரு சத்தம், அடியே, நட்டை எதிர்ப்பக்கமா சுத்தினா போல்ட்டுல ஏறுமா, அதோட மரை அந்தப் பக்கம், நீ இந்தப் பக்கம் இழுக்கறே, விடு அதை என்று. அத்தனை மாதத்தில் அவர் குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான். திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வெளியே வந்தார். இடது கையால் ஒரு நுனியை மறுபக்கமாகச் சுற்றிவிட்டார். சாயங்காலம் அது அப்படியே இருந்தது, இன்னும் அரைச் சுற்று தானாகவே ஏறியிருந்தது. அடுத்த நாளே என் கம்புகளைப் பிடுங்கச் சொன்னார். மேடைக்கு வெளியே இரண்டு பக்கமும் தரையில் குழி எடுத்து, கம்புகளை ஜோடி ஜோடியாக உள்பக்கம் சாய்த்து உச்சியில் கட்ட வேண்டும், மூன்று ஜோடி, மேலே ஒரு நீளக் கம்பு, பக்கத்துக்கு ஒரு குறுக்குக் கம்பு, மொத்தம் ஒன்பது முடிச்சு என்றார். குழி நான் எடுத்தேன். முடிச்சை மட்டும் என்னைத் தொட விடவில்லை. ஆனால் ஒரு கையால் கயிறு கட்ட முடியுமா? வலது கையில் கயிற்று நுனியைக் கொடுத்தால் நழுவும், நழுவும், நழுவிக்கொண்டே இருந்தது. கடைசியில் கயிற்றை வீசிவிட்டு, விட்டுடு சுலோ, இந்தக் கை செத்துப்போச்சு என்று உள்ளே போய்விட்டார். அன்றைக்கு நான் சமைக்கவில்லை ஷர்மி. பழைய சோறுதான்.

விடிந்து எழுந்தால் கட்டிலில் ஆளைக் காணோம். ஓடினேன். வாசலில் தனியாக நிற்கிறார். வலது கையைக் கயிற்று நுனியோடு கம்பின்மேல் வைத்துத் தன் உடம்பால் அழுத்திக்கொண்டு, இடது கையால் கயிற்றைச் சுற்றுகிறார். என்னைப் பார்த்ததும், இது வேலை செய்ய வேண்டாம், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் மாதிரி பிடிச்சுக்கிட்டு இருந்தா போதும், வேலையை அந்தக் கை பார்க்கட்டும் என்றார். முதல் முடிச்சுக்கு அந்தக் காலை முழுதும் ஆயிற்று. நாளுக்கு ஒன்று என்று கட்டினார். உடம்பால் அழுத்தாமலேயே ஐந்தாவது முடிச்சில் விரல்கள் கயிற்றைப் பிடித்தன. உச்சி முடிச்சுக்கு ஸ்டூல்மேல் ஏறினார், அதற்கு நீ என்னைத் திட்டுவாய், திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்று நின்றேன். அன்னம்மாளோ, இன்னாக்கா, தெருவே பாக்குது, அண்ணாத்தயக் கட்டிப்புடிச்சிகினு நிக்கிறியே என்கிறாள்!

கார்த்திகையில் மூன்று நாள் அடித்த காற்றிலும் மழையிலும் எதிர்வீட்டு முருங்கை முறிந்து தெருவில் விழுந்தது. நம் பந்தலில் ஒரு கம்புகூட அசையவில்லை. தண்ணீர் வடிந்ததும் அன்னம்மாள் வந்து உலுக்கிப் பார்த்துவிட்டு, அண்ணாத்தே, மேல டேங்கு ஏத்தினாகூட அசையாது போல கீதே என்றாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டார். வலது கையால். இப்போது பந்தல் முழுக்க ஊதாப் பூ, கீழே கொத்துக் கொத்தாய்க் காய். முந்தாநாள் முதல் காயைக் காம்போடு கிள்ளி என் கையில் வைத்தார். நேற்று அவரே சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார், பாதி தட்டுக்கு வெளியேதான், இருக்கட்டும்.

நீ ராத்திரி ஷிஃப்ட் முடிந்து சாப்பிடாமல் படுக்காதே. மாப்பிள்ளை ஸ்ரீகாந்துக்கு என் ஆசியைச் சொல். அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள், காதை மூடிக்கொண்டு போ. நீங்கள் இருவரும் குறையில்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதை மறக்காதே. பொங்கலன்று காலை வீடியோவில் அவரே உன்னைக் கூப்பிட்டுப் பந்தலைக் காட்டப் போகிறார். உனக்கு எதுவும் தெரியாத மாதிரி இரு. போனை வலது கையில்தான் பிடித்துக்கொண்டிருப்பார், ஆகையால் படம் ஆடும். நன்றாகவே ஆடும். அப்பா, படம் ஆடுது என்று மட்டும் சொல்லிவிடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா சுலோசனா