வெள்ளித்தாள் தோரணம் வெட்டியது யார்?

அன்பு மகன் மதுரனுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் உன் தங்கச்சி சர்மிளாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் இருமலைத் தவிர, அது அவரைப் போலவே சொல்பேச்சுக் கேட்காது. நீ எப்படி இருக்கிறாய், கடல் காற்று உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன் இருக்கும்போது இந்த அம்மாவுக்கு எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். போனில் நான் எதையாவது கேட்டால் உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறதே ஐயா, அதற்குத்தான். பக்கத்து லயத்து வீட்டு ஜீவராஜ் லீவு முடிந்து மாலைதீவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் பலகாரப் பார்சலோடு இதையும் கொடுத்துவிடுகிறேன்.

தீபாவளி இங்கே மழையோடு வந்து மழையோடு போனது. அக்கரப்பத்தனை டவுனில் பக்கீர் நானா கடையில் வெல்லம் வாங்கி, அரிசி ஊறவைத்து இடித்து அதிரசம் சுட்டேன், குளிருக்கு மாவு கல்லாகிவிடக் கூடாதென்று சட்டியை அடுப்புப் பக்கத்திலேயே வைத்துக் காவல் காத்தேன். சர்மிளா ஃபேக்டரியில் கிழிந்துபோன தேயிலை மூட்டைகளின் உள்பக்கத்து வெள்ளித்தாளைக் கேட்டு வாங்கிவந்து, வழக்கம்போல இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாக வெட்டி வாசலில் தோரணம் கட்டினாள். நம் தோட்டத்தைத் தவிர வேறெங்கும் இப்படி வெட்டி நான் பார்த்ததில்லை, ராகலையில் உன் சித்தி வீட்டில்கூடக் கலர் தாளில் வெறும் முக்கோணம்தான். அன்றைக்குப் பின்னேரம் நீ அனுப்பின படம் வந்தது. உங்கள் ஹோட்டலில் வேலை செய்கிற பிள்ளைகள் தங்குகிற இடத்தில் விளக்கேற்றி வைத்து, நடுவில் நீ புதுச் சட்டையோடு நிற்கிறாய். சர்மிளா உன் மீசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், எனக்கோ கண் உன் முகத்தில் நிற்கவில்லை. உன் தலைக்கு மேலே ஒரு தோரணம் தொங்குகிறது, வெள்ளித்தாளில், இரண்டு இலை ஒரு கொழுந்து. யாரப்பா அதை வெட்டியது?

நீயாக இருக்க முடியாது, பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு உறை போடச் சொன்னால் புத்தகத்தையே கிழித்து வைத்தவன் நீ. ஜீவராஜ் தீபாவளிக்கு இங்கேதான் இருந்தான். சர்மிளாவிடம் படத்தைப் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தேன், ஒவ்வொரு கொழுந்துக்கும் கீழே சின்னதாக ஒரு கீறல் தெரிந்தது. அந்தக் கீறலை நம் தோட்டத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் போடுவார்கள். மேட்டு லயத்தில் மலை இடுக்குக் காற்று நேரே வந்து அடிப்பது வீரய்யா அண்ணன் வீட்டு வாசலில்தான், கீறல் போட்டால்தான் காற்று உள்ளே புகுந்து போகும், தாள் கிழியாது. கோயில் திருவிழாவுக்கு அவர் மகள் பிரேமினி சரம் சரமாக வெட்டிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளை கொழும்பில் வேலை செய்வதாகத்தானே சொன்னார்கள்? காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனபோது கேட்டேன், எல்லோரும் கொழும்பு என்றுதான் சொன்னார்கள். ஜீவராஜைப் பிடித்துக் கேட்டேன், அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு, எனக்கென்னா தெரியும் சித்தி, அது பெரிய தீவு என்றான். போன லீவுக்கு வந்தப்ப தீவையே நடந்து சுத்திடலாம்னு சொன்ன வாய்தானே இது என்று கேட்டேன், மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று ஓடிவிட்டான். அவன் வீட்டில் ஏது மாடு?

இனி விஷயத்துக்கு வருகிறேன். லீக்ஸ் நட்ட பாத்தியின் வேலிச் சண்டைக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை என்பது உனக்கே தெரியும். உன் அப்பாவும் வீரய்யா அண்ணனும் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் மலையை ரசித்துக்கொண்டு போவார்கள். அதற்காகத்தான் பிரேமினி விஷயத்தை மறைத்தாயா? எனக்குக் கோபமில்லை என்றால் பொய், இரண்டு நாள் உன் படத்தைப் பார்த்தே திட்டினேன். ஆனால் கோபத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. எங்கள் சண்டைக்குப் பயந்து அந்தப் பிள்ளையைக் கைவிட்டுவிடுவாயோ, இல்லை எங்களைக் கைவிட்டுவிட்டு அங்கேயே தாலி கட்டிக்கொண்டு நின்றுவிடுவாயோ என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வருவது வரட்டும் என்று ஒரு தட்டில் அதிரசத்தை எடுத்து மூடிக்கொண்டு மேட்டு லயத்துக்கு ஏறிவிட்டேன்.

வீரய்யா அண்ணன் சம்சாரம் ராக்கம்மா கதவைச் சாத்துவாள் என்றுதான் போனேன். அவள் என்னைக் கண்டதும், வாங்க மதினி, நானே உங்க வீட்டுக்கு வரணும்னு இருந்தேன் என்றாளே பார்க்கலாம்! உள்ளே உட்கார வைத்துவிட்டு, ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்காதீங்க, எங்க பிரேமினி கொழும்புல இல்ல, மாலைதீவு ஹோட்டல்ல துணி தொவைக்கிற எடத்துல இருக்கா, ஊர் வாய்க்குப் பயந்து மாத்திச் சொல்லி வச்சிருக்கோம் என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு போனை எடுத்து நீட்டினாள். பிரேமினி புதுச் சேலை கட்டி நிற்கிறாள், கையில் ஒரு தட்டு அதிரசம். இதுல வட்டம் விழுந்திருக்கு பாருங்க மதினி, இது உங்க வீட்டு டம்ளர் வட்டம்தானே என்றாள். எல்லோரும் அதிரசத்து எண்ணெயை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்துப் பிழிவார்கள், கொழுந்து எடுத்து வெடித்த விரலுக்கு அந்தக் கரண்டிச் சூடு எரிகிறது என்று நான் மட்டும் பித்தளை டம்ளரின் அடியால் அழுத்துவேன், அந்த வட்டம் அதிரசத்தில் பதிந்துவிடும். அவள் என் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள், அச்சு அசல் அதே வட்டம். நான் தோரணத்தை வைத்து உன்னைத் தேடினேன், அவள் அதிரசத்தை வைத்துத் தன் மகளைத் தேடியிருக்கிறாள். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம், எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அவளும் சிரித்தாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஏன்டா, சுடுதண்ணி வைக்கத் தெரியாத நீயா அதிரசம் சுட்டாய்? எப்போது பார்த்துப் பழகினாய், அடுப்படிப் பக்கமே வரமாட்டாயே? அங்கே வெல்லம் எங்கே கிடைத்தது? அந்தப் பிள்ளைக்கு வெள்ளித்தாள் ஏது, காப்பித்தூள் பைக்குள் இருப்பதா? ஒன்று மட்டும் சொல்கிறேன், ஓரமெல்லாம் வெடித்திருக்கிறது, பாகை அதிகமாகக் காய்ச்சிவிட்டாய், தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருள வேண்டும், அதோடு இறக்கிவிட வேண்டும்.

உங்க வீட்டுக்காரவுங்கள நான் அண்ணேன்னு கூப்பிட்டவ, அந்த மொறைக்குப் பிரேமினி எனக்கு மருமகதானே என்று ராக்கம்மாவிடம் சொன்னேன். மொறை சரிதான் மதினி, இந்த ஆம்பளைங்ககிட்ட யாரு சொல்றது என்றாள். அவரவர் வீட்டில் அவரவர் சொல்வதென்று முடிவு செய்தோம். வீரய்யா அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தப் பய அதிரசம் சுடுறானா, அதிரசமா என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம், வேறொன்றும் சொல்லவில்லையாம். உன் அப்பா பிளேன்டீயைக் குடித்தார், இருமினார், வெளியே போய் மழையைப் பார்த்துவிட்டு வந்தார். அப்புறம் துண்டை உதறிக்கொண்டே, தை மாசம் ரெண்டு பேருக்கும் ஒண்ணா லீவு குடுப்பாங்களான்னு கேட்டு எழுது என்றார். நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், மழையில் நனையாதே, வேலையில் பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே. மாரியம்மன் உங்கள் இரண்டு பேருக்கும் துணை நிற்பாள். ராக்கம்மா கொடுத்த முறுக்கும் என் அதிரசமும் ஒரே பார்சலில் இருக்கின்றன, எது யாருக்கு என்று நாங்கள் பேர் எழுதவில்லை. சேலை எடுக்க நுவரெலியாவுக்குப் போக வேண்டும், அந்தப் பிள்ளைக்கு என்ன கலர் பிடிக்கும் என்று மறக்காமல் கேட்டுச் சொல்.

இப்படிக்கு,
உனக்கு அம்மா, பிரேமினிக்கு அத்தை,
வேலாயி