பதினேழாம் எண் குழாய்

1976 ஜனவரி 9, வெள்ளி
கடுங்குளிர். மறையூர் முழுக்கப் பனி, எட்டு மணி வரை விலகவில்லை.

எனக்குச் சர்க்கரை வியாதி இல்லை. வெல்லம் காய்ச்சும் வீட்டுக்காரிக்கு இருப்பதாகக் கடைத்தெருவில் பேச்சு. பால்காரி பேச்சியம்மாள் சொன்னாள்: "டாக்டரம்மா ஜீப்பு ஒங்க வாசல்ல ரெண்டு தடவ நின்னுச்சாம்ல. வெல்லக்காரவுகளுக்கே சக்கரயான்னு சிரிக்காக, பெரியம்மா."

"சிரிக்கட்டும். நீ பால சரியா அள."

நடந்தது இதுதான். செவ்வாயன்று மெடிக்கல் காலேஜ் ஆராய்ச்சிக்காகப் பள்ளிக்கூடத்தில் ரத்தம் எடுத்ததே சர்க்கரை வியாதி இல்லாதவர்களுக்கு. வெறும் வயிற்றில் ஒரு தடவை, குளுக்கோஸ் தண்ணீர் குடித்தபின் ஒரு தடவை. என் சர்க்கரை இரண்டிலும் சரி. ஆனால் எண் 17, என் குழாயில், ரத்தம் தெளிந்து மேலே நின்ற நீர் அரிசி களைந்த தண்ணீர் போல. கொழுப்பாம். மற்றவர்களுடையது தெளிவு.

வாங்க: துவரம்பருப்பு, திரி, மைப்புட்டி.

ஜன. 10, சனி
டாக்டர் மறுபடி வந்தாள். சின்னப் பெண், மலையாளி. கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில்.

"சர்க்கரை சரிதன்னே, அம்மே. ஆனா இன்சுலின் ஜாஸ்தி சுரந்துதான் சரியாகுதோன்னு ஒரு சம்சயம். மெடிக்கல் காலேஜுக்கு வந்தா அளந்து பார்க்கலாம்."

நான் புரிந்துகொண்டது: நான் படித்த கான்வென்ட் விடுதியில் காலை மணி. ஒரு அடிக்கு யாரும் அசையமாட்டோம். சிஸ்டர் இருபது அடி அடிப்பார். ஜெபத்துக்கு எல்லாரும் வந்துவிடுவோம். பார்ப்பவருக்குக் குறை தெரியாது. மணி அடித்த கைதான் ஓயும்.

இன்னொன்றும் சொன்னாள். குழாயை ஒரு ராத்திரி குளிர்பெட்டியில் அசையாமல் வைத்தால், தின்ற நெய் ஏடாக மேலே மிதக்கும். உடம்பே உண்டாக்கிய கொழுப்பு முழுக்கக் கலங்கி நிற்கும். என்னுடையதை வைத்திருக்கிறாள், திரும்பிப் போய்த்தான் அவள் பார்க்க வேண்டும்.

"வெறும் வயித்துலதானே வந்தீங்க?"

"விரதமிருந்து பழகின உடம்பு, டாக்டர்."

அறுபத்தெட்டு வயதில் ஆராய்ச்சியில் ஏறப்போகும் ரத்தம். சந்தோஷம்தான்.

ஜன. 11, ஞாயிறு
முட்டிவலி. விடியலில் பால் காய்ச்சி, வெல்லம் தட்டி, நெய் விட்டு, டம்ளரைக் கையில் எடுத்தவள் நின்றுவிட்டேன். செவ்வாயன்றும் ஐந்து மணிக்கு இதைக் குடித்தேன். ஏகாதசிக்கும் குடிப்பதுதான். சோறு தொடாவிட்டால் விரதம். பாலைச் சாப்பாட்டில் சேர்த்ததே இல்லை.

பேச்சியிடம் கேட்டேன், பால் குடித்தால் வெறும் வயிறா என்று.

"பாலுல என்ன இருக்கு பெரியம்மா? சாமியே குடிக்குது."

டம்ளர் ஆறி ஏடு கட்டியது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜன. 12, திங்கள்
வெயில். டாக்டருக்குக் கடிதம், ஆங்கிலத்தில். மூன்று தாள் கிழித்தேன். முதலில் 'சிறிது பால்' என்று எழுதினேன். அடித்து, 'ஒரு டம்ளர் பால், நெய் ஒரு ஸ்பூன், வெல்லம்' என்று திருத்தினேன். நான் சொன்ன பதில் பொய் என்றும். வேண்டுமானால் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்து மறுபடி வருகிறேன் என்றும்.

கடைசி வரி: பதினேழில் ஏடு மேலே மிதந்ததா, முழுக்கக் கலங்கி நின்றதா? எதுவானாலும், ஜீப்பில் வராமல், தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்புங்கள்.